புதுக் கணினி, பழைய டிவி, பழைய ஆம்ப்

கடைக்குப் போய் வயர் கேட்பதற்கு முன்னால் டிவியைச் சுவரிலிருந்து முன்னுக்கு இழுத்து அதன் முதுகைப் பாருங்கள். 29 அங்குலக் குண்டு டிவி என்றால் இழுக்க இரண்டு ஆள் வேண்டும். கனமெல்லாம் முன்பக்கக் கண்ணாடியில் இருப்பதால் அது முன்னால்தான் சாயும். டார்ச் அடித்து, தூசியைத் துடைத்துவிட்டு, துளைகள் எல்லாம் தெரிகிற மாதிரி செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரின் முதுகையும் அப்படியே எடுங்கள். "லேப்டாப்பை டிவில கனெக்ட் பண்ண ஒரு வயர் குடுங்கண்ணே" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் ஏதோ ஒரு வயர் தருவார். அது துளைக்குள் கச்சிதமாகப் பொருந்தும். படம் மட்டும் வராது.

துளை பொருந்துவது வேறு, சிக்னல் பொருந்துவது வேறு. இந்தியாவில் விற்ற குண்டு டிவிகள் பால் என்ற ஒளிபரப்பு முறையில் ஓடுபவை. ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். ஆக நொடிக்கு 15,625 கோடுகள். இந்த வேகம் செட்டுக்குள்ளேயே நிர்ணயிக்கப்பட்டது. கணினிக்காக ஐ.பி.எம். 1987-இல் கொண்டுவந்த வி.ஜி.ஏ., அதன் சாதாரண நிலையிலேயே நொடிக்குச் சுமார் 31,500 கோடுகளை அனுப்புகிறது. 2002-இன் இறுதியில் வந்த எச்.டி.எம்.ஐ.யில் எல்லாம் எண்களாக ஓடுகிறது. எனவே ஒரு முனையில் வி.ஜி.ஏ.வும் மறுமுனையில் மூன்று கலர் பின்னும் வைத்து வெறும் வயராக விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். டிவிக்கான சிக்னலைத் தானே உருவாக்கித் தரும் சில பழைய கிராஃபிக்ஸ் கார்டுகளுக்காகச் செய்யப்பட்ட வயர் அது. இன்றைய கணினியில் செருகினால் திரையில் இருட்டுதான். எச்.டி.எம்.ஐ.க்கும் மூன்று கலர் பின்னுக்கும் நடுவில் எதுவுமில்லாமல் வரும் வயரும் அதே கதை. இடையில் சிக்னலை மாற்றித் தரும் ஒரு டப்பா இருந்தே ஆக வேண்டும்.

இதற்கு ஒரே விலக்கு டி.வி.ஐ. பழைய எல்.சி.டி. டிவியிலோ மானிட்டரிலோ அந்த வெள்ளை நிறப் பெரிய துளை இருந்தால், எச்.டி.எம்.ஐ.யிலிருந்து அதற்கு வெறும் வயரே போதும். இரண்டும் படத்தை ஒரே முறையில்தான் அனுப்புகின்றன. சத்தத்துக்கு மட்டும் தனி வயர் போட வேண்டும்.

எந்த டிவிக்கு எந்த வழி

உங்கள் "பழைய டிவி" 2006, 2007 வாக்கில் வாங்கிய எல்.சி.டி. என்றால் உங்களுக்கு வேலை மிச்சம். அதில் எச்.டி.எம்.ஐ. இல்லாவிட்டாலும் 'பி.சி. இன்' என்று எழுதிய நீல நிற வி.ஜி.ஏ. துளை இருக்கும்; அருகிலேயே ஹெட்போன் அளவில் சத்தத்துக்கு ஒரு துளையும் இருக்கும். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும். எழுத்தும் தெளிவாகத் தெரியும். இந்த வகை டிவி உள்ளவர்கள் அடுத்த பகுதியைத் தாண்டி நேராக ஆம்ப்புக்குப் போய்விடலாம்.

குண்டு டிவியில் பெரும்பாலும் இருப்பது மஞ்சள், வெள்ளை, சிவப்பு. மஞ்சள் படம், வெள்ளை இடதுபக்கச் சத்தம், சிவப்பு வலதுபக்கச் சத்தம். 14 அங்குலம் போன்ற சிறிய செட்டுகளில் சிவப்பு இல்லாமலும் இருக்கலாம், ஒரே ஸ்பீக்கர்தானே. பெரிய ஃபிளாட் செட்டுகளில் பச்சை, நீலம், சிவப்பு என்று இன்னொரு வரிசை இருக்கும். அந்தச் சிவப்பு படத்துக்கானது, சத்தத்துக்கானது அல்ல. ஒரே முதுகில் இரண்டு சிவப்பு இருந்தால் அவசரப்படாமல் பக்கத்தில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள். இந்த மூவர்ண வரிசை மஞ்சளைவிட நல்ல படம் தரும்; ஆனால் அதற்குத் தனி மாற்றி வேண்டும், விலையும் கூட. பாட்டும் படமும் பார்க்க மஞ்சளே போதும்.

அதே நிறங்களில் 'ஏ.வி. இன்' என்றும் 'ஏ.வி. அவுட்' என்றும் இரண்டு தொகுதி இருக்கலாம். நமக்கு வேண்டியது 'இன்'. 'அவுட்'டில் செருகினால் எதுவும் கெடாது, எதுவும் வராது, அவ்வளவுதான்.

டயனோரா, சாலிடேர் காலத்து செட்டுகளில் பெரும்பாலும் ஏரியல் துளை ஒன்றுதான். அதற்குள் போக ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற இன்னொரு டப்பா வேண்டும். அது ஏ.வி. சிக்னலை ஒரு டிவி சேனலாக மாற்றித் தரும். டிவியில் அந்தச் சேனலைத் தேடிப் பிடிக்க வேண்டும். டப்பாவில் ஒலி முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் பி/ஜி என்பதில் வையுங்கள். படம் வந்து சத்தம் மட்டும் உஸ்ஸென்று இரைந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்: நம் முறையில் சத்தம், படத்திலிருந்து 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி உட்கார்ந்திருக்கும்.

"டிவியைத் திறந்து உள்ளே ஏ.வி. பின் வச்சுத் தர்றேன்" என்று மெக்கானிக் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஏ.வி. துளை இல்லாமல் வந்த பழைய செட்டுகள் பலவற்றில் உள்ளே இருக்கும் சேசிஸ் நேரடியாக மின்சார லைனோடு சேர்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு உலோகத் துளையை வெளியே கொண்டுவந்து லேப்டாப்பை மாட்டினால், தொடுகிறவருக்கு ஷாக், லேப்டாப்புக்கு முடிவு. நீங்களாகத் திறப்பதும் வேண்டாம். பிக்சர் டியூப்புக்குப் போகும் மின்னழுத்தம் 20,000 வோல்ட்டைத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது டியூபில் தங்கியிருக்கும்.

டப்பாவை வாங்குவதும் மாட்டுவதும்

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் 14 அங்குலக் கலர் டிவி வந்தது. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்கு லேப்டாப் வந்தது. இரண்டும் ஒரே வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அவற்றைச் சேர்க்க நடுவில் ஒரு சின்ன டப்பாதான் தேவை. லேப்டாப்பின் பக்கவாட்டில் எச்.டி.எம்.ஐ. இருக்கிறதா, வி.ஜி.ஏ. மட்டும்தானா என்று பாருங்கள். எது இருக்கிறதோ அதற்கான மாற்றி.

கடையில் கேட்க வேண்டியது: "எச்.டி.எம்.ஐ.ல இருந்து ஏ.வி.க்குப் போற டப்பா." திசையை அழுத்திச் சொல்லுங்கள். ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகும் டப்பாவும் அதே அளவில், அதே கறுப்பு அல்லது வெள்ளைப் பெட்டியில் வருகிறது. அது பழைய டிவிடி பிளேயரைப் புது டிவியில் மாட்டுவதற்கானது. இரண்டும் ஒருவழிப் பாதைகள். திருப்பி மாட்டினால் வேலை செய்யாது. டப்பாவில் எச்.டி.எம்.ஐ. துளைக்குப் பக்கத்தில் 'இன்புட்' என்றும், மூன்று கலருக்குப் பக்கத்தில் 'அவுட்புட்' என்றும் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்து வாங்குங்கள். பெட்டியின் மேல் 1080 என்று பெரிதாக எழுதியிருப்பதில் மயங்க வேண்டாம். அது உள்ளே வாங்கிக்கொள்ளும் அளவு. வெளியே கொடுப்பது 720-க்கு 576 புள்ளிகள்தான், முழு எச்.டி. படத்தில் ஐந்தில் ஒரு பங்கு. எந்தக் கம்பெனி டப்பா வாங்கினாலும் இதுதான் கணக்கு என்பதால் விலை குறைந்ததே போதும். தங்க முலாம் பூசிய வயருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

டப்பாவுக்குத் தனியாக 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். கூடவே வரும் யு.எஸ்.பி. வயரை லேப்டாப்பில் செருகலாம். படம் வந்து வந்து போனால் செல்போன் சார்ஜரில் செருகுங்கள். பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் பால், மறுபக்கம் என்.டி.எஸ்.சி. நமக்குப் பால். சில டப்பாக்கள் கடையிலிருந்து வரும்போது மறுபக்கத்தில் இருக்கும். படம் கறுப்பு-வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழுமாக உருண்டாலோ முதலில் கை போக வேண்டிய இடம் அந்தச் சுவிட்ச்.

டிவியின் ஏ.வி. துளையில் ஏற்கெனவே கேபிள் செட்டாப் பாக்ஸ் உட்கார்ந்திருக்குமே, என்ன செய்வது? பக்கவாட்டிலோ முன்பக்க மூடிக்குள்ளோ இன்னொரு ஏ.வி. துளை இருக்கிறதா தேடுங்கள். இல்லாவிட்டால் ஏ.வி. செலக்டர் வாங்குங்கள், மூன்று நான்கு சாதனங்களை மாட்டி, பொத்தானை அழுத்தி மாற்றிக்கொள்ளலாம், அதற்கு மின்சாரமும் வேண்டாம். ஒன்றைப் பிடுங்கி ஒன்றைச் செருகிக்கொண்டே இருந்தால் சில மாதங்களில் பின் லூஸாகிவிடும். ரிமோட்டில் 'ஏ.வி.' அல்லது 'டிவி/ஏ.வி.' பொத்தானை அழுத்தினால்தான் படம் தெரியும். ரிமோட் தொலைந்துபோன வீடுகளுக்கு: சில செட்டுகளில் சேனலை ஒன்றுக்கும் கீழே இறக்கிக்கொண்டே போனால் ஏ.வி. வந்துவிடும்.

இப்போது லேப்டாப்பில் விண்டோஸ் சின்னம் உள்ள பொத்தானோடு பி-யை அழுத்துங்கள். நான்கு வாய்ப்புகள் வரும். கடைசியாக உள்ள 'இரண்டாவது திரை மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டிலும் ஒரே படம் என்பதைத் தேர்ந்தால் லேப்டாப் திரையின் அளவுக்கும் டிவிக்கும் இழுபறி வரும். டிஸ்பிளே செட்டிங்கில் 1280-க்கு 720 என்று வையுங்கள். எழுத்தின் அளவை 150 சதவீதமாக்குங்கள். அப்படியும் ஓரத்தில் உள்ள டாஸ்க்பார் பாதி வெட்டுப்படும். குண்டு டிவிகள் படத்தின் ஓரங்களைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடும்படியே வடிவமைக்கப்பட்டவை. அது கோளாறு அல்ல. மின்னஞ்சல் படிக்கவும் எக்செல் போடவும் இந்தத் திரை உதவாது, கண்தான் வலிக்கும். சினிமா, பாட்டு, பழைய வீடியோ கேம் இவற்றுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடியோ கேம்கள் இந்த மாதிரித் திரையை நினைத்தே வரையப்பட்டவை என்பதால் புது டிவியைவிட இதில் அழகாகவே இருக்கும்.

ஆட்கள் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிகிறார்களா? அகலத் திரைக்கான படத்தை டப்பா அப்படியே 4:3 சட்டத்துக்குள் அமுக்கிவிடுகிறது. வி.எல்.சி.யில் படம் ஓடும்போது ஏ பொத்தானை அழுத்த அழுத்தப் படத்தின் வடிவம் மாறும். 16:9 படத்துக்கு 2.35:1 என்று வரும்வரை அழுத்துங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்து முகம் முகமாகத் தெரியும். 4:3 வடிவில் எடுத்த படத்துக்கு 16:9 என்று வையுங்கள். கணக்குப் பார்த்தால் தலைகீழாகத் தெரியும், டப்பா அமுக்கியபின் சரியாகிவிடும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973-இல்தான் வந்தது. கறுப்பு-வெள்ளைக் காலத்துப் படங்கள் 4:3-ஐ ஒட்டிய சட்டத்தில் எடுக்கப்பட்டவை. அவை குண்டு டிவியில் திரை நிறையத் தெரியும். இன்றைய அகல டிவியில்தான் இரண்டு பக்கமும் இருட்டு.

கட்டண ஓ.டி.டி. செயலிகள் சில இந்த டப்பா வழியாகப் படம் காட்ட மறுக்கலாம். சத்தம் வந்து படம் கறுப்பாக நின்றால் வயரைக் குறை சொல்லாதீர்கள், அது காப்புரிமைப் பூட்டு.

சத்தத்தை டிவிக்குக் கொடுக்காதீர்கள்

இந்த அத்தியாயத்தில் உங்கள் நேரத்தையும் காசையும் செலவழிக்கத் தகுந்த இடம் இதுதான். பழைய டிவி எவ்வளவு முயன்றாலும் திரையில் தெரிவது 576 கோடு. பழைய ஆம்ப்ளிஃபயர் அப்படியல்ல. ஒலியைப் பொறுத்தவரை முப்பது வருடத்துக்கு முந்தைய நல்ல ஸ்டீரியோ ஆம்ப், மரப்பெட்டி ஸ்பீக்கரோடு, இன்றைய மெல்லிய டிவியின் முதுகிலிருந்து வரும் சத்தத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதனால் படத்தை டிவிக்கும் சத்தத்தை நேராக ஆம்ப்புக்கும் பிரித்து அனுப்புங்கள்.

வேண்டியது ஒரே வயர்: ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையும். லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் ஒரு முனை. மேசைக் கணினி என்றால் பச்சைத் துளை. மறுமுனையை ஆம்ப்பின் பின்னால் 'ஆக்ஸ்', 'சி.டி.', 'ட்யூனர்', 'டேப் இன்' என்று எழுதிய எதில் வேண்டுமானாலும் செருகலாம். நான்கும் ஒரே அளவு சிக்னலை எதிர்பார்ப்பவை. 'ஃபோனோ'வில் மட்டும் கூடாது. அது ரெக்கார்டு பிளேயரின் ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட் சிக்னலுக்கானது. அதைப் பல மடங்கு பெருக்கி, அடித்தொனியையும் தூக்கிவிடும். லேப்டாப்பை அதில் மாட்டினால் பாட்டு பிய்ந்துபோய்க் கேட்கும். ஸ்பீக்கர் வயர் மாட்டும் சிவப்பு-கறுப்புத் திருகுகளுக்கும் லேப்டாப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது.

உங்கள் ஆம்ப்பில் ஐந்து ஊசி நுழையும் வட்டத் துளைதான் இருக்கிறதென்றால் அது டின் சாக்கெட். அதற்குள் சத்தம் போக 3, 5 ஆகிய ஊசிகள். நடுவில் உள்ள 2 எர்த். 1, 4 இரண்டும் ரெக்கார்டிங்குக்காக ஆம்ப்பிலிருந்து வெளியே வருபவை. வயரைச் சால்டர் செய்கிறவரிடம் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

சவுண்ட் சர்வீஸ்காரர்கள் வைத்திருக்கும் மாதிரியான மோனோ ஆம்ப்பில் ஒரே ஒரு ஆக்ஸ்தான் இருக்கும். இடது, வலது இரண்டு வயரையும் முறுக்கி ஒன்றாக்கிச் செருகாதீர்கள். லேப்டாப்பின் இரண்டு அவுட்புட்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். விண்டோஸ் அமைப்புகளில் அணுகல் வசதிகளுக்குள் ஆடியோ பகுதியில் 'மோனோ ஆடியோ' என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கிவிட்டு வெள்ளை வயரை மட்டும் செருகுங்கள், இரண்டு பக்கச் சத்தமும் அதில் வந்துவிடும். இல்லாவிட்டால் பழைய ஸ்டீரியோ பாட்டுகளில் குரல் ஒரு பக்கமும் வயலின் இன்னொரு பக்கமுமாகப் போய், கேட்பது பாதிப் பாட்டாக இருக்கும். மைக் துளையில் மாட்டுவது ஃபோனோவில் மாட்டுவதற்குச் சமம்.

எல்லாம் மாட்டியும் சத்தமே வரவில்லையா? எச்.டி.எம்.ஐ.யைச் செருகியதுமே விண்டோஸ் சத்தத்தையும் அந்தப் பக்கம் திருப்பிவிடும். வலதுபக்கக் கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் சின்னத்தை அழுத்தி, வெளியீட்டை மறுபடி ஹெட்போனுக்கு மாற்றுங்கள். லேப்டாப்பின் வால்யூம் 80, 90 சதவீதத்தில் நிற்கட்டும். கூட்டுவதும் குறைப்பதும் ஆம்ப்பின் திருகில். லேப்டாப்பைக் குறைத்து ஆம்ப்பைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடும். விண்டோஸின் 'டிங்' ஒலிகளையும் அணைத்துவிடுங்கள். லேப்டாப்பில் அது கிண்கிணி. 12 அங்குல ஊஃபரில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

திருகைத் திருப்பும்போது கரகரவென்றால் உள்ளே தூசி. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, திருகைப் பத்திருபது முறை முன்னும் பின்னும் திருப்பினால் போய்விடும்.

'உம்ம்' என்று விடாமல் ஒரு ரீங்காரம் கேட்டால் அது வேறு விஷயம். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருகிறது என்று பொருள். டிவி, ஆம்ப், சார்ஜர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டினால் பாதி வீடுகளில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்று ஆடியோ வயரின் நடுவில் மாட்டும் சின்ன உருளை கிடைக்கிறது, கார் ஆடியோ கடைகளிலும் இருக்கும். சார்ஜரின் மூன்றாவது பின்னை வெட்டினாலும் ரீங்காரம் நிற்கும்தான். ஆனால் கசிவு வந்தால் அந்தப் பின்தான் உங்களைக் காப்பாற்ற வேண்டியது. அதை வெட்டக் கூடாது.

டிவிடியோடு வந்த பழைய 5.1 ஹோம் தியேட்டர் என்றால் அதன் பின்னால் ஆக்ஸ் இருக்கும், அதில் செருகி ரிமோட்டில் ஆக்ஸைத் தேர்ந்தெடுங்கள். கணினிக்கான 5.1 செட்டில் மூன்று பின் வரும்: பச்சை முன் ஸ்பீக்கர்கள், கறுப்பு பின் ஸ்பீக்கர்கள், ஆரஞ்சு நடு ஸ்பீக்கரும் ஊஃபரும். லேப்டாப்பில் இதற்கு ஈடாக மூன்று துளை கிடையாது, மேசைக் கணினிக்குத்தான்.

படத்தையும் சத்தத்தையும் வேறு வேறு வழியில் அனுப்புவதில் ஒரு சங்கடம் உண்டு. டப்பா படத்தை மாற்றிக் கொடுக்கச் சிறிது நேரம் எடுக்கும். சத்தம் அதற்குள் ஆம்ப்பில் ஒலித்துவிடும். உதடு அசைவதற்கு முன்னால் வசனம் கேட்டால், வி.எல்.சி.யில் கே பொத்தானை அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் சத்தம் 50 மில்லிநொடி பின்னுக்குப் போகும். புளூடூத் ரிசீவர் வைத்து ஆம்ப்புக்கு அனுப்புகிறவர்களுக்கு நிலைமை நேரெதிர், சத்தம்தான் தாமதமாக வரும். அவர்களுக்கு ஜே. பாட்டு மட்டும் கேட்பதென்றால் புளூடூத் பரவாயில்லை, சினிமாவுக்கு வயர்தான். யூடியூப் மாதிரி இடங்களில் இந்தத் திருத்தம் செய்ய வழியில்லை. பொருந்தாமை உறுத்தினால் ஆம்ப்புக்கான சிவப்பு-வெள்ளையை லேப்டாப்பிலிருந்து எடுக்காமல், டப்பாவின் சிவப்பு-வெள்ளையிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒலித்தரம் ஒரு படி குறையும், உதடும் குரலும் சேர்ந்துகொள்ளும்.

முழுப் படம் பார்ப்பதற்கு முன் லேப்டாப்பின் பவர் அமைப்பில், மூடியை மூடினால் 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றி வையுங்கள். திரை தானாக அணையும் நேரத்தையும் நீட்டிவிடுங்கள். முடித்துக் கழற்றும்போது ஆம்ப்பை முதலில் அணைத்துவிட்டு, பிறகு லேப்டாப்பிலிருந்து பின்னைப் பிடுங்குங்கள். ஆம்ப் ஓடும்போது பிடுங்கினால் எழும் 'டப்' சத்தத்தில் அடிபடுவது ஸ்பீக்கர்.